‘அப்போ கெணத்தை மூடிடுவானா?’: நிகர பூஜ்ஜியக் கணக்கு, டெல்டாவிலிருந்து ஓர் எளிய விளக்கம்

நன்னிலம் பக்கம் என் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. குறுவைக்கு நாற்று பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வரப்பில் உட்கார்ந்து பேப்பரைக் காட்டிக் கேட்டார்: “ஓஎன்ஜிசி 2038-க்குள்ள கார்பனே இல்லாத கம்பெனியா ஆயிடுமாம்ல. அப்போ நம்ம பக்கம் இருக்க கெணத்தையெல்லாம் மூடிடுவானா?”

அவர் சொல்வது எண்ணெய்க் கிணறு. நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம் என்று எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவும் எண்ணெய், எரிவாயு வயல்களின் பெயர்களும்கூட. ராத்திரி பஸ்ஸில் வரும்போது வயல்களுக்கு நடுவே உயரக் குழாயின் உச்சியில் தீ எரிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அவர் கேட்டது ஊர்க் கேள்வி.

மூட மாட்டார்கள் சித்தப்பா என்றேன். 2038-லும் எண்ணெய் எடுக்கலாம், விற்கலாம், நாமும் வாங்கி எரிக்கலாம். அப்படியிருந்தும் அந்தக் கம்பெனி ‘நிகர பூஜ்ஜியம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு முறைப்படி அது பொய்யும் ஆகாது. இது எப்படி என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், எதை எண்ணுகிறோம் என்று தெரிய வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் சித்தப்பா டீசல் இன்ஜின் வைத்து இறைப்பார். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். அது எரிந்து முடிந்தால் வெளியே போகும் கரியமில வாயுவின் எடை சுமார் 2.6 கிலோ. முக்கால் கிலோ சொச்சம் உள்ளே போய் இரண்டரை கிலோவுக்கு மேல் எப்படி வெளியே வரும்? சித்தப்பா இதை நம்பவே இல்லை. தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். டீசலில் பெரும்பங்கு கார்பன், அதாவது கரி. எரியும்போது ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கரி அணுவின் எடை 12, ஆக்சிஜனின் எடை 16. ஆக 12-ம் 32-ம் சேர்ந்து 44. பன்னிரண்டு கிலோ கரி எரிந்தால் நாற்பத்து நான்கு கிலோ வாயு. மிச்ச எடையைத் தருவது காற்று. இதே கணக்கில், வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 42 கிலோ கரியமில வாயு அடுப்படி ஜன்னல் வழியே போயிருக்கும்.

இன்னொரு வாயு மீத்தேன். இதை டெல்டாக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தண்ணீர் தேங்கிய வயலில் காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாக மேலே வருகிறதே, அதில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன்தான். காற்றுப் புகாத சேற்றில் மட்கும் நெல் தாள், வேர் இவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் விடுவது. பூமிக்கடியில் எடுக்கும் இயற்கை எரிவாயுவிலும் முக்கியப் பொருள் அதுவே. எடைக்கு எடை ஒப்பிட்டால், முதல் 20 ஆண்டுகளில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வயலுக்கு நடுவே எரியும் அந்தத் தீயின் விவரமும் இதில் இருக்கிறது. எரிந்தால் மீத்தேன் கரியமில வாயுவாக மாறிவிடும். தீ அணைந்தோ அரைகுறையாகவோ போனால் மீத்தேன் அப்படியே காற்றில் கலக்கும். எரிவது கெடுதல், எரியாமல் கசிவது அதைவிடக் கெடுதல்.

மூன்று பற்றுவரவு

ஒரு கம்பெனியின் உமிழ்வை எப்படிக் கணக்கெழுத வேண்டும் என்று உலகம் முழுக்கப் பின்பற்றும் விதிமுறை ஒன்று உண்டு. 2001-ல் வெளியானது, ‘கிரீன்ஹவுஸ் காஸ் புரோட்டோகால்’ என்று பெயர். அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது: ஸ்கோப் 1, ஸ்கோப் 2, ஸ்கோப் 3. கேட்டால் ஏதோ ஆடிட்டர் விஷயம் மாதிரி இருக்கும். சித்தப்பாவின் மூன்று ஏக்கரை ஒரு கம்பெனி என்று வைத்துக்கொண்டால் புரிந்துவிடும்.

அவருடைய டீசல் இன்ஜின் விடும் புகை, அவருடைய வயல் சேறு விடும் மீத்தேன் இரண்டும் ஸ்கோப் 1. அவர் எல்லைக்குள் நேரடியாகக் கிளம்புபவை. அடுத்தது கரண்ட் மோட்டார். மோட்டார் புகை விடுவதில்லை. ஆனால் அந்த மின்சாரத்துக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. அவர் வாங்கிய மின்சாரத்துக்கான அந்தப் பங்கு ஸ்கோப் 2. இலவச மின்சாரம் என்பதால் பில் வருவதில்லை. புகைக் கணக்கு வரும்.

மீதி எல்லாம் ஸ்கோப் 3. அவர் போடும் யூரியாவை எங்கோ ஓர் ஆலையில் எரிவாயுவிலிருந்து செய்கிறார்களே, அந்த உமிழ்வு. வாடகைக்கு வரும் அறுவடை மெஷின் குடிக்கும் டீசல். மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போகும் டிராக்டர். அங்கிருந்து ரைஸ் மில், மில்லிலிருந்து ரேஷன் கடை, கடைசியில் அந்த அரிசியை யாரோ ஒருவர் உலை வைத்துப் பொங்க எரிக்கும் காஸ் வரைக்கும். அவர் வாங்கியதற்கு முன்னால் நடந்தது, விற்றதற்குப் பின்னால் நடப்பது இரண்டும் இதில் அடங்கும்.

சித்தப்பாவின் கணக்கில் ஸ்கோப் 1 பெரிது. வயல் சேறே அதில் பெரும்பங்கு. இப்போது அதே மூன்று பெட்டிகளை ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குப் போட்டுப் பாருங்கள். கிணறு தோண்டும் ரிக்கின் இன்ஜின், கம்ப்ரசர்கள், உச்சியில் எரியும் தீ, வால்வில் கசியும் மீத்தேன் எல்லாம் ஸ்கோப் 1. அலுவலகத்துக்கும் பம்புகளுக்கும் வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. அப்புறம் அந்தக் கம்பெனி விற்ற எண்ணெய் எங்கே போகிறது? சித்தப்பாவின் இன்ஜினுக்கு, மன்னார்குடி பஸ்ஸுக்கு, நாகப்பட்டினம் விசைப்படகுக்கு, நம் அடுப்புக்கு. விற்ற சரக்கே எரிப்பதற்கான சரக்கு. அந்தப் புகை முழுவதும் ஸ்கோப் 3.

எவ்வளவு வித்தியாசம்? சர்வதேச எரிசக்தி முகமை 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு இருக்கிறது. எண்ணெயையும் எரிவாயுவையும் தோண்டி, சுத்திகரித்து, கொண்டுசேர்க்கும் வேலையால் மட்டும் வந்தது 510 கோடி டன். உலக எரிசக்தித் துறை உமிழ்வில் 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த எண்ணெயையும் எரிவாயுவையும் நாம் எரிப்பதால் வருவது இன்னொரு 40 சதவீதம்.

நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நாகப்பட்டினம் பனங்குடியில் 1993-ல் ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதன் இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பேப்பர் பேனா எடுத்துத் தோராயமாக நானே போட்ட கணக்கு இது. ஒரு டன் கச்சா எண்ணெய் முழுதும் எரிந்தால் மூன்று டன் அளவுக்குக் கரியமில வாயு. அதைச் சுத்திகரிக்க ஆலைக்குள் எரிவது பொதுவாகக் கால் டன் அளவுக்கு. ஆக, முழு அளவில் ஓடும் அத்தகைய ஓர் ஆலையின் சொந்தப் புகை ஆண்டுக்கு இருபது லட்சம் டன் சொச்சம். அதிலிருந்து லாரி ஏறிப் போகும் பெட்ரோலும் டீசலும் விமான எரிபொருளும் விடும் புகை இரண்டரைக் கோடி டன் சொச்சம். பிளாஸ்டிக் மூலப்பொருளாகப் போகும் பங்கு எரியாது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் வாசல் தாண்டிப் போனது உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்கு.

இப்போது செய்திக்கு வருவோம். ஓஎன்ஜிசி 2024-ல் அறிவித்த 2038 இலக்கு ஸ்கோப் 1, ஸ்கோப் 2 இரண்டுக்கும் மட்டும். அதற்காக 2 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டமும் சொன்னார்கள். இந்தியன் ஆயில் 2022-ல் சொன்ன 2046 இலக்கும் அதன் சொந்தச் செயல்பாடுகளுக்கானதே. பனங்குடி ஆலையை நடத்திய சென்னை பெட்ரோலியம் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. நாட்டின் மொத்த இலக்கு 2070 என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். மூன்றும் மூன்று கணக்கு. பேப்பர் தலைப்பில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும்.

இதே இடத்தில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒரே புகையைப் பலர் கணக்கில் எழுதினால் இரட்டிப்பு ஆகாதா? குத்தாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் இருக்கிறது. அங்கே எரியும் வாயு மின்வாரியத்துக்கு ஸ்கோப் 1. வாயுவைத் தோண்டி விற்றவருக்கு ஸ்கோப் 3. அந்தக் கரண்டில் நெல் அரைக்கும் மில்காரருக்கு ஸ்கோப் 2. புகை ஒன்று, பதிவு மூன்று. நாட்டின் மொத்தத்தைக் கூட்டும்போது இப்படிக் கூட்டினால் தப்பு. அதற்கு வேறு முறை இருக்கிறது. கம்பெனிக் கணக்கின் நோக்கம் வேறு. ஒரு புகையைக் குறைக்க யார் யாருக்குக் கை இருக்கிறது என்று காட்டுவது அது. மூன்று பேருக்கும் கை இருக்கிறது.

நிகரம் என்ற சொல்லில் இருப்பது

கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தால் வருவது மொத்த எடை. சாக்கின் எடையைக் கழித்தால் நிகர எடை, 40 கிலோ. நிகர பூஜ்ஜியத்திலும் அதே ‘நிகரம்’தான். விட்ட புகையிலிருந்து, காற்றிலிருந்து திரும்ப எடுத்ததைக் கழித்தால் பூஜ்ஜியம் வரவேண்டும். புகை பூஜ்ஜியம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது, கழிக்கும் அந்தச் சாக்கு எவ்வளவு பெரியது, உண்மையில் அது இருக்கிறதா என்பதுதான்.

கழிப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படுவது மரம். மரம் வளரும்போது கரியமில வாயுவை எடுத்துக் கட்டையாக்குகிறது, உண்மை. அலையாத்திக் காடுகள் சேற்றுக்குள்ளும் கரியைப் புதைத்துவைக்கும், அதுவும் உண்மை. மரம் நடுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு மரத்தை நிரந்தர வைப்பாக நினைப்பது கஷ்டம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இலையே இல்லாமல் நின்ற மரங்களைப் படகில் போய்ப் பார்த்திருக்கிறேன். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தாத்தா வைத்த தென்னை, அப்பா வைத்த தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரத்தில் இருந்த கரி மட்கி மறுபடி காற்றுக்கே போய்விடும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக இருந்த கரியை எடுத்து எரித்துவிட்டு, புயல் பாதையில் நிற்கும் மரத்தில் ஈடு கட்டுகிறோம் என்பது சமமான மாற்று ஆகாது. அதிலும் கடல் சூடாக ஆகப் புயலுக்கு வலு கூடுகிறது.

இன்னொரு வழி, டெல்டா விவசாயி நேரடியாகச் சம்பந்தப்படும் வழி, கார்பன் கிரெடிட். வயலில் எப்போதும் தண்ணீர் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் சேற்றுக்குள் காற்றுப் புகும், மீத்தேன் குறையும். நம்மவர்களுக்குப் பழகிய முறை, தண்ணீரும் மிச்சம். குறைந்த மீத்தேனை டன் கணக்கில் அளந்து, டன்னுக்கு ஒரு சான்று என்று விற்கலாம். அதைத் தூரத்தில் இருக்கும் ஒரு கம்பெனி வாங்கித் தன் புகைக் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

விவசாயிக்கு நாலு காசு வந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று, அளவு. சீனாவில் நெல்வயல் மீத்தேன் குறைப்பு என்று பதிவான 37 திட்டங்களை, அவற்றைச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பே 2024-ல் நிராகரித்தது. அவற்றில் சிலவற்றில் ஷெல் என்ற பெரிய எண்ணெய்க் குழுமமும் பங்கெடுத்திருந்தது. இரண்டாவது, யாருடைய சாதனை இது என்பது. வரப்பில் நின்று தண்ணீரைத் திறந்து மூடிக் குறைத்தது சித்தப்பா. குறைந்ததாகக் கணக்கில் ஏறுவது வேறொருவர் பெயரில். விற்ற பிறகு அதே குறைப்பைத் தன்னுடையது என்று அவரால் சொல்ல முடியாது. ஒரே பத்திரத்தை இரண்டு பேருக்கு எழுத முடியாதே.

சொல்ல வேண்டிய மற்றொன்று, ‘தீவிரம்’ என்ற சொல். சில கம்பெனிகள் மொத்தப் புகையைக் குறைப்பதாகச் சொல்வதில்லை. ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று குறைப்பதாகச் சொல்வார்கள். மூட்டைக்கு ஒரு லிட்டர் டீசல் செலவானதை முக்கால் லிட்டராகக் குறைத்துவிட்டு, நூறு மூட்டைக்குப் பதிலாக இருநூறு மூட்டை ஏற்றினால்? செலவு நூறு லிட்டரிலிருந்து நூற்றைம்பது ஆகிவிடும். காற்றுக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே.

வாக்குறுதி மாறும்போது

வெளிநாட்டில் நடந்த இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டனின் பிபி நிறுவனம் 2020-ல், 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2019 அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்போம் என்றது. பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று உற்பத்தியையே குறைப்பதாகச் சொன்னது அபூர்வம். சித்தப்பா கேட்ட ‘கிணறை மூடுவானா’ என்பதற்கு ஓரளவு ஆமாம் என்ற பதில் அது. 2023 பிப்ரவரியில் அந்த 40 சதவீதம் 25 ஆனது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எண்ணெய், எரிவாயுவில் முதலீட்டைக் கூட்டினார்கள்.

ஷெல் விஷயம் நீதிமன்றம் போனது. 2021 மே மாதம் நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றம், 2030-க்குள் உமிழ்வை 2019 அளவிலிருந்து 45 சதவீதம் குறைக்கச் சொன்னது. வாடிக்கையாளர் எரிக்கும் ஸ்கோப் 3-ம் அந்தக் கணக்கில் இருந்தது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 45 சதவீதத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் கடமை கம்பெனிக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பும் ஏற்றுக்கொண்டது.

கம்பெனிகள் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. “நீங்கள் கேட்கிறீர்கள், நாங்கள் தருகிறோம். எரிப்பது நீங்கள்.” ஆடு கூட வாங்க முடியாத வீட்டிலும் சிலிண்டர் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான், விறகுப் புகையில் இருமிய பாட்டியைப் பார்த்தவன். டீசல் இல்லாமல் நாளைக்கே சம்பா நடவு நடக்காது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுக்கான ஆலையையும் கிணற்றையும் இன்று திட்டமிடுவது நானோ சித்தப்பாவோ இல்லை. எதில் முதலீடு போடுவது என்ற முடிவு எடுப்பவர் கையில் ஸ்கோப் 3-ன் பெரிய பிடி இருக்கிறது. அதேபோல, ஸ்கோப் 1, 2-ஐக் குறைப்பது வெறும் கண்துடைப்பு என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கசிவை அடைப்பதும் வீணாக எரியும் வாயுவைப் பிடிப்பதும் உடனே பலன் தரும் வேலைகள். பிடித்த வாயுவை விற்கவும் முடியும். சுத்தமாகச் செய்தால் பக்கத்து வயல்காரருக்கும் மூச்சு நன்றாக வரும். அதைச் செய்துவிட்டு முழுக் கணக்கும் தீர்ந்தது என்று சொல்லும்போதுதான் நான் மறிக்கிறேன்.

இதெல்லாம் நமக்கு ஏன் என்றால், டெல்டா தாழ்ந்த மண். கடைமடையில் கடல் ஒரு சாண் ஏறினாலும் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. 2020-ல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் போட்டது. புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதற்கு அதில் தடை. நம் நிலத்துக்கு அது வேலி. காற்றுக்கு வேலி கிடையாது. குஜராத்தில் எரிந்தாலும் டெக்சாஸில் எரிந்தாலும் வேதாரண்யத்துக் கடலுக்கு ஒன்றுதான்.

ஒரு கம்பெனியின் கணக்கை நீங்களே பார்க்கலாம். பங்குச்சந்தையில் உள்ள முதல் 1000 பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் ஒரு பொறுப்பு அறிக்கையை வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ‘பிஆர்எஸ்ஆர்’ என்று கம்பெனி பெயரோடு தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். அந்த அறிக்கையில் ‘ஆறாவது கொள்கை’ என்ற பகுதி சுற்றுச்சூழல் பற்றியது. அங்கே ஸ்கோப் 1, ஸ்கோப் 2 எண்கள் கட்டாயப் பகுதியில் இருக்கும். ஸ்கோப் 3 கேட்கப்படுவது அதற்குக் கீழே, விருப்பப்பட்டால் நிரப்பும் பகுதியில்.

சித்தப்பாவின் போனில் ஒரு கம்பெனியின் அறிக்கையைத் திறந்து, அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்கோப் 1 எண்ணை இலக்கம் இலக்கமாகப் படித்தார்.

“நம்ம இன்ஜின் டீசல் இதுல எங்கப்பா இருக்கு?”

“அது இதுல வராது சித்தப்பா. இன்னும் கீழ தள்ளுங்க.”